கண் தெரிகிறது, பொருள் தெரியவில்லை

கேள்வி:

டாக்டர், நாங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறோம். என் மாமனாருக்கு 72 வயது. அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. ஒன்றரை மாதமாக விநோதமாக நடந்துகொள்கிறார். சீப்பை எடுத்துக் காதில் வைத்து "ஹலோ" என்கிறார். மூக்குக் கண்ணாடிக் கூட்டை டம்ளர் என்று நினைத்து வாய்க்குக் கொண்டு போகிறார். மூலையில் சுருட்டி வைத்த பாயைக் காட்டி "யாரு அங்க உட்கார்ந்திருக்கிறது?" என்று கேட்கிறார். இருட்டிய பிறகுதான் இதெல்லாம் அதிகம். காலையில் பெரும்பாலும் தெளிவாக இருக்கிறார். ராத்திரி நடந்ததைச் சொன்னால் நம்ப மறுக்கிறார். அதே சீப்பைக் கண்ணை மூடித் தடவிப் பார்க்கச் சொன்னால் மட்டும் உடனே "சீப்பு" என்று சொல்லிவிடுகிறார்.

போன வருடம் இரண்டு கண்ணிலும் புரை அறுவை சிகிச்சை செய்தோம். மறுபடியும் காட்டினோம். கண்ணில் குறை இல்லை, பார்வை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அத்தை, காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூப்பிடுகிறார். சாப்பிடும் மாத்திரைகளை அட்டை பார்த்து எழுதியிருக்கிறேன். காலையில் கேஸ் மாத்திரை, பான்டோபிரசோலும் லெவோசல்பிரைடும் சேர்ந்தது, ஒரு வருடத்துக்கு மேல். கை நடுக்கத்துக்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடில் 2 மி.கி., மூன்று வேளை, இரண்டு மாதமாக. தூக்கத்துக்கு அல்பிரசோலம் 0.5 மி.கி., நாலு வருடமாக. மார்கழி பிறந்ததிலிருந்து சளிக்கு மெடிக்கலில் வாங்கிய மாத்திரை ஒன்று, அதில் குளோர்ஃபெனிரமின் என்று போட்டிருக்கிறது.

இது மறதி நோயின் ஆரம்பமா? புதுச்சேரியில் கல்லூரியில் படிக்கும் என் மகன், "தாத்தாவுக்கு மாத்திரையிலேயே கிக் ஏறுது" என்று சிரிக்கிறான்.

– வாசகி, கடலூர்

பதில்:

உங்கள் மகன் விளையாட்டாகச் சொன்னது பெருமளவு சரியாக இருக்கக்கூடும். நேரில் பார்க்காமல் எந்த மருத்துவரும் இது இன்னதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் சந்தேகம் மறதி நோயைவிட அந்த மாத்திரைப் பையின் பக்கம்தான் அதிகம் போகிறது. நாலு மாத்திரையில் மூன்று நேரடியாக மூளையில் வேலை செய்பவை. நாலாவதுக்கும் இதில் பங்கு இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். மூளையின் போக்கை மாற்றும் பொருள் என்றால் நமக்குக் கஞ்சாவும் சாராயமும்தான் நினைவுக்கு வரும். சீட்டில் எழுதிக் கொடுத்ததா, சந்தில் வாங்கியதா என்பது மூளைக்குத் தெரியாது.

கண் டாக்டர் சொன்னதும் உண்மை, நீங்கள் வீட்டில் பார்ப்பதும் உண்மை. அவர் சோதித்தது, சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையில் எத்தனையாவது வரி வரை படிக்க முடிகிறது, விழித்திரை எப்படி இருக்கிறது என்பதை. ஒரு பொருளை இன்னது என்று கண்டுகொள்ளும் வேலை அதற்கு அப்பால் நடக்கிறது. விழித்திரையிலிருந்து கிளம்பும் செய்தி தலையின் பின்பக்கம், பிடரிக்கு மேலே உள்ள மூளைப் பகுதிக்குப் போகிறது. அங்கே கோடு, விளிம்பு, சாய்வு, நிறம் என்று துண்டு துண்டாகப் பிரிகிறது. அங்கிருந்து பொட்டுப் பக்கத்து மூளையின் அடிப்பகுதி வழியாக முன்னோக்கி வரும்போது துண்டுகள் ஒரு வடிவமாகச் சேர்கின்றன. அந்த வடிவம், வாழ்நாள் முழுக்கப் பார்த்துப் பழகிய பொருள்களோடு ஒத்துப் பார்க்கப்படுகிறது. 'சீப்பு' என்ற பெயர் நாக்குக்கு வருவது அதற்கும் பிறகு. 1890-இல் ஹைன்ரிச் லிசாவர் என்ற ஜெர்மன் மருத்துவர், துண்டுகளை வடிவமாகச் சேர்க்க முடியாதவர்களையும், வடிவம் சேர்ந்தும் அது என்ன பொருள் என்று பிடிபடாதவர்களையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். இன்றும் நரம்பியல் மருத்துவர்கள் அந்தப் பிரிவைத்தான் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள்.

மூளையின் இந்தப் பகுதியைப் பற்றிய ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு, போதைப் பொருள் ஒன்றைத் துரத்திப் போனதில் கிடைத்தது. சிகாகோவில் ஹைன்ரிச் க்ளூவர் என்ற ஆய்வாளர் இருந்தார். பெயோட்டி என்ற கள்ளிச் செடியில் உள்ள மெஸ்கலின், கண்முன்னே நிறங்களையும் கோலங்களையும் விரிக்கக்கூடியது. அதைத் தானே சாப்பிட்டுப் பார்த்து எழுதி வைத்தவர் அவர். அது மூளையில் எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். பால் பூசி என்ற அறுவை மருத்துவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, 1936 டிசம்பரில் ஒரு ரீசஸ் குரங்கின் பொட்டுப் பக்கத்து மூளைப் பகுதியை எடுக்கச் செய்தார். மெஸ்கலின் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. வேறொன்று கிடைத்தது. அறுவைக்குப் பிறகு இப்படிப்பட்ட குரங்குகளுக்குக் கண் தெரிந்தது, குறி பார்த்துக் கையை நீட்டிப் பொருளை எடுக்கவும் முடிந்தது. ஆனால் எடுத்தது தீனியா ஆணியா என்று பார்த்துச் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் வாயில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்தன. பாம்பைக்கூடப் பயமில்லாமல் எடுத்தன.

மனிதர்களிலும் இப்படி உண்டு. 1980-களில் பிரிட்டனில் விரிவாக ஆராயப்பட்ட ஒருவர், பக்கவாதத்தில் மூளையின் பின்பகுதி பாதிக்கப்பட்டவர். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் படத்தை முன்னால் வைத்தால் பார்த்து அழகாக வரைந்துவிடுவார். ஆனால் அன்றாடம் புழங்கும் சாமான்களைப் பார்த்துப் பெயர் சொல்லத் திணறுவார். கையில் கொடுத்தால் நிலைமை தேவலை. தொடுஉணர்ச்சி மூளைக்குள் வேறு வழியாகப் போகிறது என்பதுதான் காரணம். உங்கள் மாமனார் தடவிப் பார்த்துச் சீப்பைச் சொல்லிவிடுவதும் இதே சங்கதிதான். பேருந்துக்குள் அரை இருட்டில் சில்லறையைத் தடவியே எண்ணிப் பழகிய கை அல்லவா!

சரி, அப்படியானால் அவருக்கும் பக்கவாதமோ மூளைச் சிதைவோ என்று பயந்துவிட வேண்டாம். நீங்கள் எழுதியதில் எனக்கு ஆறுதலாகப்பட்ட விஷயம் காலையில் தெளிவு, இரவில் குழப்பம் என்பது. மூளையில் செத்துப்போன பகுதி காலையில் உயிர் பெற்று ராத்திரி மறுபடியும் சாவதில்லை. ஏறி இறங்குகிற குழப்பம் என்றால் முதலில் தேட வேண்டியது ஏறி இறங்குகிற காரணத்தைத்தான். மருந்து, காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, உடம்பில் உப்புச் சத்து குறைவது, தூக்கமின்மை. இவற்றில் மருந்துக்குத்தான் உங்கள் கடிதத்தில் தேதி பொருந்துகிறது. நடுக்க மாத்திரை இரண்டு மாதம், சீப்புப் பிரச்சினை ஒன்றரை மாதம், நடுவே சளி மாத்திரை. நாலு வருடமாகத் தூக்க மாத்திரை போட்டும் வராதது இப்போது வந்திருக்கிறது.

ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்ன செய்கிறது? மூளையில் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கிறது. நடுக்கம் குறைவது அதனால்தான். ஆனால் அதே அசிடைல்கோலினுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. நம் மூளை எதையும் முழுதாகப் பார்த்துவிட்டு முடிவு செய்வதில்லை. 'இந்த நேரத்தில், இந்த இடத்தில், இந்த அளவில் இருப்பது இதுவாகத்தான் இருக்கும்' என்று முன்கூட்டியே ஊகித்துவிட்டு, கண் அனுப்பும் செய்தியை வைத்து அந்த ஊகத்தைத் திருத்திக்கொள்கிறது. கண் சொல்வதைக் கவனி என்று மூளையைத் திருப்பி வைப்பதில் அசிடைல்கோலினுக்குப் பெரிய பங்கு. அது குறைந்தால் ஊகம் ஜெயித்துவிடும். மார்கழி விடியலில் கடலூர் – புதுச்சேரி சாலையில் பனிக்குள் வண்டி ஓட்டுகிறவருக்கு மைல்கல் மாடாகத் தெரிவதைப் போல. அவருக்குப் பனி வெளியே இருக்கிறது, உங்கள் மாமனாருக்கு உள்ளே. சாயங்கால வெளிச்சம், மூலையில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஏதோ ஒன்று. பாய் ஆளாகிவிடுகிறது. உள்ளங்கையில் அடங்குகிற நீளமான பொருள் செல்போனாகிவிடுகிறது. நீங்கள் எழுதிய தவறுகள் எல்லாமே ஒரு விதத்தில் நியாயமான தவறுகள் என்பதைக் கவனித்தீர்களா?

ஊமத்தை விதையில் இருக்கும் அட்ரோபின், ஸ்கோபோலமின் ஆகியவையும் இதே அசிடைல்கோலினைத்தான் தடுக்கின்றன. ஊமத்தை நஞ்சேறியவர்களை அவசர சிகிச்சைப் பிரிவில் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. இல்லாத பீடியைப் பற்ற வைத்து இழுப்பார்கள். காற்றிலும் போர்வையிலும் எதையோ பொறுக்குவார்கள். யாரும் இல்லாத பக்கம் பார்த்துப் பேசுவார்கள். தெளிந்த பிறகு பெரும்பாலும் எதுவும் நினைவில் இருக்காது. அதே வழியில், மருந்து அளவில், மெதுவாக வேலை செய்வதுதான் ட்ரைஹெக்ஸிஃபெனிடில். சளி மாத்திரையில் உள்ள குளோர்ஃபெனிரமினும் இதே வேலையைக் கொஞ்சம் செய்யும். இளைஞர்கள் இதைப் போட்டுக்கொண்டு லேசாகக் கண் அசந்து எழுந்துவிடுவார்கள். 72 வயதில் மூளையின் அசிடைல்கோலின் கையிருப்பே குறைவு. மருந்தைக் கழித்து வெளியேற்றும் ஈரலும் சிறுநீரகமும் முன்பு போல் வேகமாக இல்லை. ஏற்கெனவே தடுப்பு மருந்து மூன்று வேளை போகிறது. அதன் மேல் இது.

இந்த வகை மருந்துதான் காரணம் என்றால் உடம்பில் வேறு அடையாளங்களும் தெரியும். வாய் உலர்ந்து அடிக்கடி தண்ணீர் கேட்கிறாரா? மலச்சிக்கல் புதிதாக வந்திருக்கிறதா? சிறுநீர் கழிக்க ரொம்ப நேரம் நிற்கிறாரா? கண்பாவை விரிந்து வெளிச்சம் கூசுகிறது என்கிறாரா? இவற்றில் இரண்டு மூன்றுக்கு 'ஆமாம்' என்றால் என் சந்தேகம் இன்னும் வலுக்கும். இதே மருந்துகள் கண்ணின் லென்ஸைக் குவிக்கும் தசையையும் தளர்த்திக் கிட்டப் பார்வையை மங்கலாக்கும். ஆனால் உங்கள் மாமனாருக்கு இருப்பது அறுவையில் வைத்த செயற்கை லென்ஸ். அந்த வாதம் அவருக்குப் பொருந்தாது.

அல்பிரசோலம் வேறு கட்சி. அது காபா என்ற, மூளையை அடக்கி வைக்கும் வேதிப்பொருளின் கையை வலுப்படுத்துகிறது. இதன் உறவுக்கார மருந்தான லோரசெபத்தை வைத்து 1990-களில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஆரோக்கியமானவர்களிடம் சோதனை செய்தார்கள். விட்டு விட்டு வரைந்த கோட்டுப் படங்களைக் காட்டினால், மருந்து சாப்பிட்டவர்களுக்கு அந்தத் துண்டுகளை ஒரு பொருளாகச் சேர்த்துப் பார்ப்பது சிரமமாக இருந்தது. லிசாவர் சொன்ன முதல் வகைத் தடுமாற்றம், மாத்திரையால் சில மணி நேரத்துக்கு வந்திருக்கிறது. இந்தக் குடும்பத்து மருந்துகள் எல்லாம் இதில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. எனவே அல்பிரசோலத்துக்கும் இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரவில் நடந்தது காலையில் நினைவில்லாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். உடம்பிலிருந்து பாதி மருந்து வெளியேற இளையவர்களுக்குச் சராசரியாக 11 மணி நேரம் ஆகிறது என்றால், முதியவர்களுக்கு 16 மணி நேரம். நேற்று இரவு போட்டதில் ஒரு பங்கு இன்று சாயங்காலமும் உடம்பில் இருக்கிறது.

மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க முதியோர் மருத்துவர், வயதானவர்களுக்கு முடிந்தவரை கொடுக்கக் கூடாத மருந்துகளின் பட்டியலை 1991-இல் கொண்டுவந்தார். அவர் பெயரிலேயே அது இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது, 2023-லும் ஒரு பதிப்பு வந்தது. ட்ரைஹெக்ஸிஃபெனிடில், அல்பிரசோலம், குளோர்ஃபெனிரமின் மூன்றும் அதில் இருக்கின்றன. அதற்காக உங்கள் மருத்துவர் தவறு செய்துவிட்டார் என்று அர்த்தமில்லை. பட்டியல் ஒரு எச்சரிக்கைதான், தடை உத்தரவு அல்ல. ஆனால் மூன்றும் ஒரே ஆளிடம், ஒரே நேரத்தில் என்றால் யாராவது ஒருவர் நிறுத்திக் கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

இப்போது அந்தக் கேஸ் மாத்திரை. எனக்கு உங்கள் கடிதத்தில் மிக முக்கியமாகப்பட்ட வரி அதுதான். பான்டோபிரசோல் அமிலத்தைக் குறைப்பது, அது பாட்டுக்கு இருக்கட்டும். கூட இருக்கும் லெவோசல்பிரைடு, டோபமின் என்ற வேதிப்பொருளைத் தடுக்கும் மருந்து. வயிறு சீக்கிரம் காலியாகட்டும் என்று அதைச் சேர்க்கிறார்கள். ஆனால் மூளையில் டோபமின் தடைபட்டால் கை நடுக்கம், நடை தளர்ச்சி, முகத்தில் உணர்ச்சி குறைவது என்று பார்கின்சன் நோயைப் போலவே எல்லாம் வரும். வயதானவர்களுக்கு, அதுவும் மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு, இது வரும் வாய்ப்பு அதிகம். தலைசுற்றலுக்குக் கொடுக்கும் சின்னரசின், ஃப்ளூனரிசின், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு ஆகியவையும் இதே வேலையைச் செய்யக்கூடியவை. ஆக, நடந்தது இப்படி இருக்கலாம். கேஸ் மாத்திரை கையை நடுங்க வைத்தது. நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை வந்தது. அந்த மாத்திரை சீப்பைச் செல்போனாக்கியது. அடுத்த மாதம் 'பிரமை' என்று யாராவது இன்னொன்று எழுதினால் கணக்கு ஐந்தாகும். ஒவ்வொரு சீட்டையும் தனியாகப் பார்த்தால் அந்தந்த நேரத்துக்கு நியாயமாகத்தான் இருந்திருக்கும். நாலு அட்டையையும் ஒரே மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தவர் இதுவரை யாரும் இல்லை, உங்களைத் தவிர.

என்ன செய்யலாம்? சளி மாத்திரையை இன்றே நிறுத்திவிடலாம், அதில் ஆபத்து இல்லை. மூக்கடைப்புக்கு உப்புத் தண்ணீர்ச் சொட்டும் ஆவி பிடிப்பதும் போதும். மற்றவற்றில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். நாலு வருடம் சாப்பிட்ட அல்பிரசோலத்தை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், இப்போது இருப்பதைவிடப் பல மடங்கு குழப்பம் வரலாம். அதை வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும். ட்ரைஹெக்ஸிஃபெனிடிலையும் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் உடல் இறுக்கமும் கூடலாம். நாளைக்கே அதை எழுதிக் கொடுத்த மருத்துவரைப் பார்த்து, எல்லா அட்டைகளையும் அவர் முன் வையுங்கள். கண் சொட்டு, இருமல் டானிக், சூரணம், லேகியம், பக்கத்து வீட்டார் கொடுத்தது, எதையும் விடாதீர்கள். லெவோசல்பிரைடு இல்லாமல் வெறும் பான்டோபிரசோல் போதுமா, அதுவும் இன்னும் எத்தனை நாளைக்குத் தேவை என்று கேளுங்கள். நடுக்கம் அந்த மாத்திரையால் வந்திருக்குமா என்பதையும் நேராகக் கேளுங்கள். கேட்டால் கோபிப்பாரோ என்ற தயக்கம் வேண்டாம். பெரும்பாலான மருத்துவர்களுக்கு இது உதவிதான். கோபித்தால் வேறு மருத்துவரைப் பார்க்கலாம், கடலூரில் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை.

போவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாலைந்து நாளைக்கு எழுதி வையுங்கள்: எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எந்தத் தடுமாற்றம் எத்தனை மணிக்கு. முடிந்தால் உங்கள் போனில் ஒரு வீடியோ. ஒரு சிறிய சோதனையையும் காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை செய்து பார்க்கலாம். கண்ணாடி போட வைத்து, நல்ல வெளிச்சத்தில் சாவி, கரண்டி, சீப்பு, தீப்பெட்டி, பேனா என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். பெயர் வரவில்லை, ஆனால் எப்படிப் பயன்படுத்துவது என்று சரியாக ஜாடை காட்டுகிறார் என்றால் பொருள் தெரிகிறது, சொல்தான் வரவில்லை. பார்த்தால் தெரியாமல், தொட்டதும் சொல்கிறார், அல்லது சாவியைக் குலுக்கினால் சொல்கிறார் என்றால் தடுமாற்றம் பார்வை வழியில். எதுவுமே இல்லாத இடத்தில் ஆளையோ பூச்சியையோ பார்க்கிறார் என்றால் அது வேறு. மூன்றையும் 'ஒளறுகிறார்' என்ற ஒரே சொல்லில் அடக்கிச் சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது. பரீட்சை வைக்கும் தொனி மட்டும் வேண்டாம். கண்டக்டராக ஊரையே அதட்டியவர், கோபம் வரும்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. மது பழக்கம் உண்டா? அத்தையிடம் தனியாகக் கேளுங்கள். அல்பிரசோலத்தோடு மது சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும், மூச்சே மந்தமாகலாம். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினாலும் இரண்டு மூன்று நாளில் பூச்சி ஊர்வதாக, சின்னச் சின்ன உருவங்கள் ஓடுவதாகப் பார்ப்பார். அது உயிருக்கே ஆபத்தான நிலை. 2023-இல் மரக்காணத்திலும் 2024-இல் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் செய்தது இதிலிருந்து வேறு. அந்த நஞ்சு பார்வை நரம்பையே தாக்குகிறது. அதில் போவது கண் பார்வை, அடையாளம் காணும் திறன் அல்ல.

வீட்டைக் கொஞ்சம் மாற்றுங்கள். அந்திக்கு முன்பே நல்ல பல்பைப் போடுங்கள், ஜீரோ வாட் வெளிச்சம் நிழலைத்தான் பெரிதாக்கும். பாயை அலமாரிக்குள் வையுங்கள், கொக்கியில் தொங்கும் சட்டையையும் குடையையும் எடுத்துவிடுங்கள். அவருடைய டம்ளர் பளிச்சென்ற நிறத்தில், எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். தவறாக எடுத்தால் வாதாடாமல், "இந்தாங்க மாமா, தண்ணி இதுல இருக்கு" என்று சரியானதைக் கையில் கொடுங்கள், கை சொல்லிவிடும். கண்ணாடிக் கூட்டை வாய்க்குக் கொண்டு போகிறவர் பினாயில் பாட்டிலையும் கொண்டு போவார். பினாயில், ஆசிட், மண்ணெண்ணெய், எலி மருந்து, தோட்டத்துப் பூச்சி மருந்து எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள். வண்டிச் சாவியையும்.

இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாத சில நிலைகள் உண்டு. திடீரென்று, நிமிடங்களில் அடையாளம் தெரியாமல் போவது, வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை விழுவது, பேச்சு குழறுவது, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, காய்ச்சலோடு குழப்பம், பல மணி நேரமாகச் சிறுநீர் வராமல் அடிவயிறு வீங்கி வலிப்பது. உடனே 108.

மறதி நோயா என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மூளைச் செல்களுக்குள் 'லூயி பாடி' என்ற புரதத் திரள்கள் சேர்வதால் வரும் மறதி நோய் என்று ஒன்று இருக்கிறது. அதிலும் நடுக்கம், நாளுக்கு நாள் ஏறி இறங்கும் தெளிவு, தொங்கும் சட்டையை ஆளாகப் பார்ப்பது எல்லாம் வரும். மருந்துகள் அதைத் திரை விலக்கிக் காட்டவும் கூடும். அதனால்தான் 'பிரமை பிடித்திருக்கிறது' என்று ஹாலோபெரிடால் போன்ற மருந்தை யாராவது உடனே கொடுக்க முன்வந்தால், இந்தச் சந்தேகத்தைச் சொல்லி நிறுத்துங்கள். அந்த நோய் இருந்தால் அந்த மருந்து கடுமையாகப் பாதிக்கும். மாத்திரைகளைச் சீர்செய்து சில வாரம் கழித்தும் தடுமாற்றம் குறையவில்லை என்றால் நரம்பியல் மருத்துவரிடம் முழுப் பரிசோதனை தேவை. மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையில் காட்டிவிட்டு, அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு கோரிமேடு ஜிப்மருக்குப் போகலாம். மருந்தின் பக்க விளைவைப் பொதுமக்களே தெரிவிக்க இந்திய மருந்து விழிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024 இருக்கிறது. அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை.

அத்தை மந்திரித்துத் தாயத்து கட்டட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்தச் சாக்கில் வாயில் எதுவும் ஊற்றவோ, கண்ணில் எதையும் விடவோ, புகை போடவோ வேண்டாம். மாத்திரை குறைந்து அவர் தெளிந்தால் பெயர் தாயத்துக்குப் போகும். போகட்டுமே.

உங்கள் மகனோடு கொஞ்சம் பேசுங்கள், திட்டாமல். 'கிக்' என்று அவன் சொன்னது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ஒருவேளை வெறும் கேலிதான். ஆனால் ட்ரைஹெக்ஸிஃபெனிடிலையும் அல்பிரசோலத்தையும் போதைக்காகத் தேடுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். அல்பிரசோலம் தனிப் பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டிய எச்1 பட்டியல் மருந்தாக இருப்பது அதனால்தான். தாத்தாவின் அட்டைகளைப் பூட்டி வைப்பது, எண்ணி வைப்பது இரண்டுமே நல்லது. கஞ்சா கண்ணை ஒன்றும் செய்யாது என்று அவன் வயதில் சொல்வார்கள். பண்ருட்டிப் பக்கம் கொலு பொம்மை செய்கிறவர்களிடம் முகம் வார்க்கும் அச்சு இருக்கும். அதன் குழிந்த உட்புறத்தைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், மூக்கு வெளியே புடைத்த முகமாகத்தான் தெரியும். முகம் என்றால் புடைத்துத்தான் இருக்கும் என்ற மூளையின் ஊகம் அவ்வளவு வலுவானது. கஞ்சாவில் உள்ள பொருளைக் கொடுத்துச் சோதித்தபோது இந்த மாதிரி ஊகம் தளர்ந்து, குழிவைக் குழிவாகவே பார்ப்பது கூடியது. கேட்க நல்ல விஷயம் போலிருக்கும். எதிரே வரும் வெளிச்சம் லாரியா இரண்டு பைக்கா என்று ராத்திரியில் நொடியில் முடிவெடுக்க வைப்பதும் அதே ஊகம்தான். அவன் பைக்கில் வீட்டுக்கு வருகிற பையன் என்றால் இதைச் சொல்லுங்கள். தாத்தாவின் சோதனையையும் நோட்டையும் அவனிடமே ஒப்படைத்தால் இன்னும் நல்லது.

கடைசியாக நடுக்கத்தைப் பற்றி. ட்ரைஹெக்ஸிஃபெனிடில் குறைந்தால் பொருள் மாறிப்போகும் தடுமாற்றம் சில நாளிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் குறையத் தொடங்கும் என்று எதிர்பார்க்கலாம். லெவோசல்பிரைடால் வந்த நடுக்கமாக இருந்தால் அது அவ்வளவு சீக்கிரம் போகாது. மருந்தை நிறுத்தியும் வாரங்கள், சில பேருக்கு மாதங்கள் பிடிக்கும். இடையில் காபி டம்ளர் கையில் ஆடும், அத்தை பயப்படுவார். அந்த நேரத்தில் யாராவது இன்னொரு மாத்திரை எழுதினால், இது எதற்கு, எத்தனை நாளைக்கு, இதற்காக எதை நிறுத்தலாம் என்று மூன்றையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.